முப்பத்தேழாம் எண் வாசகன்

திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் ஆட்கள் ஐந்து பேர், நாற்காலிகள் ஆறு. ஆறாவது நாற்காலி வாசகனுக்கு. அதில் யாரும் உட்காரக் கூடாது. பை வைக்கக் கூடாது, ஈரக் குடையைச் சாய்த்து வைக்கக் கூடாது. எழுதி வந்த கட்டுரை எதுவானாலும் அந்த நாற்காலியைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் ஆசிரியர் வழுக்கைத் தலையை ஒரு முறை தடவிக்கொண்டு, "சரி, என்ன சொல்றான்?" என்பார். யாருக்குத் தோன்றுகிறதோ அவர் வாசகனுக்காக வாய் திறக்கலாம்.

"தூக்கம் வருதுன்னு சொல்றான் சார்."

"மூணாவது பாரா வரைக்கும் பிடிச்சிருக்காம். நாலாவதுல நீங்க பெரிய மனுஷர் ஆயிட்டீங்களாம்."

அந்த நிறுவனம் இசைக்கென்றே மாத இதழ்கள் மூன்று போட்டது. முதலாவது வழவழப்பான தாளில் வருவது. அதன் வாசகருக்கு வயது ஐம்பத்தைந்து. பாட்டுக் கேட்க வீட்டில் தனி அறை, அந்த அறைக்குள் அவருடைய மனைவிக்கு இருமக்கூட அனுமதி கிடையாது. கைக்கடிகாரக்காரர்களும் வீட்டுமனைக்காரர்களும் அந்தப் பெரியவர் காலில் விழுந்து கிடந்தார்கள். இரண்டாவதன் வாசகிக்குப் பதினைந்து வயது. நடுப்பக்கத்தில் பாடகர் படம். தாளைத் தைக்கிற ஸ்டேப்ளர் பின் பாடகரின் மூக்கில் குத்திவிடக் கூடாது என்பதுதான் அங்கே ஆசிரியக் கொள்கை. முகப்பூச்சு விற்கிறவர்கள் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மூன்றாவது இதழ் புதிது. பாட்டுக் கேட்கிறவர்களுக்கு அல்ல, ஏதோ ஒரு கருவியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லித்தர ஆளில்லாமல் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு. அந்த இதழின் வாசகனுக்கு அலுவலகத்தில் 'முப்பத்தேழு' என்று பெயர். முப்பத்தேழாம் எண் படிவத்திலிருந்து வந்தவன் என்பதால்.

ஆறாவது நாற்காலி அவனுடையது. அதில் உட்கார்ந்திருப்பது யார் என்று அந்த அறையில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். கணக்கெடுப்புப் படிவங்களைச் சுமந்துகொண்டு அலைந்து அலைந்து வேலைக்குள் நுழைந்தவள் என்பதால் அவளை எல்லோரும் 'ஃபாரம்' என்று கூப்பிட்டார்கள். அவள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். அந்தப் பட்டத்துக்கு இந்த நிறுவனம் கொடுத்த மரியாதை, கடைவாசலில் வெயிலில் நின்று வருகிறவன் போகிறவனை வழிமறித்து, "சார், ஒரு ரெண்டு நிமிஷம்" என்று பல்லிளிக்கும் வேலை.

அப்படித்தான் அது நடந்தது. இதழ் தொடங்குவதற்கு முன்னால் இசைக்கருவிக் கடைகளின் வாசலில் நாற்பது பேரிடம் கேள்வி கேட்டு வரச் சொன்னார்கள். முப்பத்தாறு முடிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஐந்து மணிக்குள் படிவங்கள் மேசைக்கு வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மேலாளர் சொல்லியிருந்தார். ஓடுகிற பேருந்தில், முழங்காலை மேசையாக்கி, மீதி நான்கையும் அவளே நிரப்பினாள். இந்தத் தொழிலில் இதைச் செய்யாதவர்கள் கிடையாது; செய்ததாகச் சொல்கிறவர்களும் கிடையாது.

மூன்று பேரை வாய்க்கு வந்தபடி உருவாக்கினாள். முப்பத்தேழில் மட்டும் கை தன்பாட்டுக்கு ஓடியது. வயது இருபத்தைந்து. படிப்பு எட்டாம் வகுப்பு. வேலை, மேடைக் கச்சேரிகளுக்கு ஸ்பீக்கர் பெட்டி தூக்குவது, இணைப்புக் கொடுப்பது. கருவி, கிட்டார், பழையது வாங்கியது. பெயர், அண்ணனின் பெயர். முகவரி, அவள் வீட்டு முகவரி. 'இசை இதழில் உங்களுக்கு என்ன வேண்டும்?' என்ற கடைசிக் கேள்விக்கு முப்பத்தாறு பேரும் 'புதுப் பாட்டு', 'நல்ல படம்' என்று ஒற்றை வரியில் முடித்திருந்தார்கள். அவள் இப்படி எழுதினாள்:

'பெட்டியை நான்தான் தூக்குறேன். பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு எவனும் சொல்றதில்ல. யார் பெரிய ஆளுன்னு பக்கம் பக்கமா எழுதறீங்க. கம்பி ஏன் அறுந்துபோகுதுன்னு எழுதுங்க. படிச்சுக் காட்ட ஆள் இல்லாதவனுக்கும் புரியற மாதிரி படம் போடுங்க.'

அண்ணன் செத்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. திறந்தவெளி மேடை, ஈரத் தரை, எர்த் கொடுக்காத ஆம்ப்ளிஃபயர். தொட்ட கை ஒட்டிக்கொண்டது. 'ஆள் கவனமில்லாமல் இருந்துட்டான்' என்று நடத்தியவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். கச்சேரி நடந்தது. அரைமணி நேரம் தாமதமாக.

ஆசிரியர் அந்தப் பதிலைச் சத்தமாகப் படித்துவிட்டு மேசையைத் தட்டினார். "யோவ், இவன்தான்யா நம்ம ஆளு! இவனுக்குப் போடறோம் புத்தகம். மத்த முப்பத்தொன்பதையும் தூக்கிப் பரண்ல போடு." பிறகு அவளைப் பார்த்து, "ஏம்மா ஃபாரம், இந்தப் பையனை எங்க பிடிச்ச?" என்றார்.

"பஸ்ல சார்," என்றாள். அது பொய்யும் இல்லை.

அன்றைக்கே அவளை வெயிலிலிருந்து எடுத்து வாசகர் பிரிவில் மேசை போட்டு உட்கார வைத்தார்கள்.

படிவம் நிரப்பிய எல்லோருக்கும் நன்றிக்கடனாக இதழ் இலவசமாகப் போகும் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள். முதல் இதழ் வந்த வாரத்தில் அவள் உருவாக்கிய மற்ற மூன்று பேருக்கும் போன பிரதிகள் திரும்பி வந்தன. மூன்றின் மேலும் 'இப்படி ஒருவர் இல்லை' என்று தபால்காரர் எழுதியிருந்தார். செத்துப்போனவனுடைய பிரதி மட்டும் திரும்பி வரவில்லை. நான்கு பேரில் அவன் ஒருவன்தான் வீட்டில் இருந்தான்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் உறை பிரிக்காத இதழ்.

"அண்ணனுக்கு வந்திருக்கு," என்றாள் அம்மா. "பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. நான் 'இருக்கான், குடுங்க'ன்னு வாங்கிட்டேன்."

எப்படி வந்தது, யார் அனுப்பினார்கள் என்று அம்மா கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவன் பெயரே இரண்டு வருடமாகப் புழங்கவில்லை. தபால்காரர் வாயால் அது திரும்ப வீட்டுக்குள் வந்தது.

"படி," என்றாள் அம்மா.

அம்மாவுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. மகள் அட்டையிலிருந்து தொடங்கி, விளம்பரம் உட்பட, கடைசிப் பக்கத்தில் அச்சிட்டவர் முகவரி வரைக்கும் உரக்கப் படித்தாள். ஏன் ஒன்றைக்கூட விடவில்லை என்று அவளுக்குத் தெரியும். சரளமாக வாசிக்க வராத அண்ணன் பழைய இசை இதழ்களை எடைக்குப் போடுகிற இடத்திலிருந்து பொறுக்கி வந்து, "பாப்பா, இந்த ஒரு பக்கத்தைப் படிச்சுச் சொல்லு" என்று பின்னாலேயே அலைவான். ஒவ்வொரு வரிக்கும் "அப்புறம்?" என்பான். கழுத்தறுப்பு. கடைசித் தடவை கேட்டபோது அவளுக்கு மறுநாள் பரீட்சை. "நாளைக்குப் பாக்கலாம், போ" என்று தலையைத் தூக்காமலே சொன்னாள். எந்தப் பக்கத்தைக் கையில் வைத்திருந்தான் என்று பார்க்கவில்லை. செத்த பிறகு அவன் அலமாரியில் இருந்த அத்தனை இதழ்களையும் புரட்டினாள். மடித்த ஓரமோ பென்சில் கோடோ எங்கும் இல்லை. எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால் எல்லாவற்றையும் படித்தாள்.

மாதாமாதம் இது வழக்கமானது. அம்மா முதுகைச் சுவரில் சாய்த்துக் கேட்பாள். முடிந்ததும் இதழை வாங்கி அண்ணனின் அலமாரியில் வரிசையாக அடுக்குவாள்.

அலுவலகத்தில் வேறு மாதிரி.

முதலில் ஓவியர். முப்பத்தேழின் படம் ஒன்றைச் சுவரில் மாட்ட வேண்டும் என்று ஆசிரியர் கேட்டிருந்தார். படிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓவியர் வரைந்தார். நல்ல வேளையாக முகம் அண்ணன் முகம் இல்லை. ஆனால் கிட்டார் தலைகீழாக இருந்தது. இடது கையால் கம்பியை மீட்டிக்கொண்டிருந்தான். அண்ணன் இடதுகைக்காரன். வலதுகைக் கிட்டாரைத் திருப்பிப் பிடித்துத்தான் பழகினான். படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது.

"இடது கைன்னு யாரு சொன்னது?" என்றாள்.

ஓவியர் படத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தார். "யாரும் சொல்லல. மூணு தடவ வலது கையில போட்டேன், திருடன் மாதிரி வந்துச்சு. அப்புறம் கை இப்படிப் போச்சு. ஏன், மாத்தணுமா?"

"வேண்டாம்."

அடுத்தது கமா அக்கா. பிழை திருத்துகிறவர்; எதிலும் ஒரு கமாவைச் சொருகாமல் கீழே வைக்க மாட்டார். ஒரு திங்கட்கிழமை ஆசிரியர் தம்முடைய தலையங்கத்தை நாற்காலிக்குப் படித்து முடித்து, "என்ன சொல்றான்?" என்றதும் கமா அக்கா பட்டென்று, "'அப்புறம்?'னு கேக்கறான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவனுக்கு ஒரு தங்கச்சி இருக்கும் சார்," என்று கமா அக்கா பேசிக்கொண்டே போனார். கண் நாற்காலியின் மேல் இருந்தது. "காலேஜ் படிக்கும். இவன் பெட்டி தூக்கறதே அதுக்காகத்தான். புத்தகத்தைக்கூட அவ படிச்சுக் காட்டுவா, இல்லன்னா இவனுக்கு எங்க புரியும்? நல்ல பொண்ணா இருந்தாப் படிச்சுக் காட்டும்."

"நல்ல பொண்ணா இல்லன்னா?" என்றாள் அவள்.

"ஐயோ, சும்மா சொன்னேன், ஃபாரம். ஏன் முகம் இப்படிப் போகுது? பேய் அறைஞ்ச மாதிரி?"

பிறகு அந்த நாற்காலி. அண்ணன் எந்த நாற்காலியிலும் நேராக உட்கார மாட்டான். திருப்பிப் போட்டு, முதுகுப் பலகையை நெஞ்சோடு அணைத்து, அதன் மேல் முகவாயை வைத்துக்கொள்வான். ஒரு திங்கட்கிழமை ஆறாவது நாற்காலி அப்படித் திரும்பியிருந்தது. "யாருய்யா இது?" என்று ஆசிரியர் நேராக்கினார். அடுத்த திங்களும் திரும்பியிருந்தது. பெருக்குகிறவரை விசாரித்தார்கள், கதவைப் பூட்டுகிறவரை விசாரித்தார்கள். மூன்றாவது வாரம் ஆசிரியர், "விடு, அவனுக்கு அப்படித்தான் வசதி போல" என்று பகடி பேசிவிட்டு விட்டுவிட்டார். கச்சேரி முடிந்து வரும்போது அண்ணன் சட்டையில் அடிக்கும் சூடேறிய ஒயரின் ரப்பர் வாசனை அறையில் இருந்தது. வேறு யாருக்கும் மூக்கு இல்லையா என்று அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

பயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் உலகத்திலேயே திங்கட்கிழமைக்காக ஏங்கிய ஒரே ஊழியர் அவளாகத்தான் இருக்க முடியும். வீட்டில் மாதம் ஒரு முறை வந்தான். அலுவலகத்தில் வாரா வாரம். 'சாப்ட்டிருப்பானா', 'இந்த விலைக்கு வாங்குவானா', 'இதுக்குச் சிரிப்பானா' என்று ஐந்து பேர் அவனைப் பற்றி நிகழ்காலத்தில் பேசினார்கள். உயிரோடு இருந்தபோது எந்த மேசையிலும் யாரும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பெட்டியை எங்கே வைக்க வேண்டும் என்பதைத் தவிர.

பத்தாவது மாதம் விளம்பரப் பிரிவுக்காரர் வாயைத் திறந்தார். அவருக்கு 'அரைப்பக்கம்' என்று பெயர். யாரைப் பார்த்தாலும் "ஒரு அரைப்பக்கம் குடுங்களேன்" என்பார். எல்லோரும் அவருக்குத் 'தங்கம்'தான்.

"சார், மனசுல பட்டதைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இந்த முப்பத்தேழு நமக்கு ஆகாது."

"ஏன்? விற்பனை ஏறிக்கிட்டுத்தானே இருக்கு?"

"ஏறுது. யார்கிட்ட ஏறுது? ஒருத்தன் வாங்கறான், ஏழு பேர் படிக்கறான். கடைசி ஆள் கைக்குப் போறப்ப அட்டையே இருக்கறதில்ல. கம்பி விக்கறவன், மரப் பாலிஷ் விக்கறவன், இவங்கதான் விளம்பரம் தர்றாங்க. அதுவும் கால்பக்கம். நான் போய் ஆம்ப்ளிஃபயர் கம்பெனியில 'எங்க வாசகர் உங்க பெட்டியைத் தூக்கறவர்'னு சொன்னா, காபி குடுத்து வெளிய அனுப்பறான் தங்கம்."

"பெட்டி தூக்கறவனுக்குத்தான் எந்தப் பெட்டி உருப்படின்னு தெரியும்," என்றாள் அவள்.

"தெரிஞ்சு? வாங்குவானா?"

"அவன் வாங்கணும்னு நீங்க எப்பவாவது நினைச்சிருக்கீங்களா? ஏழு பேர் படிக்கறாங்கன்னா ஏழு பேருக்கு வேணும்னு அர்த்தம். உங்க வழவழ புத்தகத்தோட உறையைக்கூடப் பெரியவர் கிழிக்கறதில்ல. சர்வே நான்தான் எடுத்தேன், எனக்குத் தெரியும். கிழிக்காத புத்தகத்துக்கு முழுப்பக்கம், கிழியக் கிழியப் படிச்சா கால்பக்கம். நல்ல கணக்கு சார் உங்களோடது!"

அரைப்பக்கம் கொஞ்சமும் கோபப்படவில்லை. அதுதான் அந்த ஆளிடம் எரிச்சல்.

"தங்கம், உன் ஆளை நான் கொல்லச் சொல்லலையே. வளர விடுன்னுதான் சொல்றேன். நாற்பது வயசுக்காரனைக் கொண்டாந்து உக்கார வைக்கல. அதே பையன், அதே பேரு. நாலு வருஷத்துல ஒருத்தன் முன்னுக்கு வர மாட்டானா? நல்ல உத்தியோகம், நல்ல சம்பளம், கிட்டார் ஆசை அப்படியே இருக்கு. இப்ப கையில காசும் இருக்கு. புது ஃபாரம் ஒண்ணு எழுதிக் குடு, அது போதும். இல்லன்னா ஆறு மாசத்துல இதழையே மூடிடுவாங்க. மேல பேச்சு நடக்குது."

ஆசிரியர் மறுக்கவில்லை. தலையைத் தடவிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தார். அதுவே பதில். மூடினால் திங்கட்கிழமையும் போச்சு, அம்மாவின் மாதமும் போச்சு.

"எழுதறேன்," என்றாள்.

அரைப்பக்கம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டாள். ஏரியா முக்கியம், விளம்பரம் தருகிறவன் முதலில் பார்ப்பது முகவரியைத்தான். பூங்காவுக்கு எதிரே எழும்பியிருக்கிற புது அடுக்குமாடி. நாலாவது மாடி. கதவு எண் ஏதாவது போட்டுக்கொள்ளலாம்.

"அப்புறம், குடும்பம். அம்மா, தங்கச்சின்னு கமா அக்கா அன்னிக்கு ஏதோ சொன்னாங்களே, அதெல்லாம் வேண்டாம். பொறுப்பு இருக்கறவன் செலவு பண்ண மாட்டான். தனி ஆள். கேக்க ஆள் கிடையாது. ஒருத்தன்னு போடு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில், அதே முழங்காலில் வைத்து எழுதினாள். அம்மா எதிரே துணி மடித்துக்கொண்டிருந்தாள். மேற்படிப்பு, தயங்காமல் போட்டாள். உத்தியோகம், குளிரூட்டிய அறையில், உட்கார்ந்து செய்வது. எழுத எழுத அவன் கண்முன்னே வளர்ந்தான். சட்டை மாறியது. கையில் காய்ப்பு இல்லை. 'குடும்பத்தில் எத்தனை பேர்' என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றது.

அரைப்பக்கம் சொன்னது சரிதான். அதுதான் அவளைப் போட்டு அறுத்தது. படிக்க வைக்க ஒரு தங்கை இல்லாவிட்டால் அவன் எட்டாம் வகுப்போடு நின்றிருக்க மாட்டான். பெட்டி தூக்கப் போயிருக்க மாட்டான். ஈரத் தரையில் நின்றிருக்க மாட்டான். இந்தக் கட்டத்தில் 'மூன்று' என்று இருந்ததால்தான் செத்தான். 'ஒன்று' என்று இருந்தால் இந்நேரம் பூங்காவைப் பார்த்த ஜன்னலோரம் உட்கார்ந்து சுருதி சேர்த்துக்கொண்டிருப்பான்.

"என்னடி எழுதற?" என்றாள் அம்மா.

"ஆபீஸ் வேலைம்மா."

ஒன்று, என்று எழுதினாள்.

புதுப் படிவம் உள்ளே போனதும் எல்லாம் சுலபமாகிவிட்டது. ஆறாவது நாற்காலி நேராக இருந்தது, வாரா வாரம். ரப்பர் வாசனை இல்லை. ஓவியர் புதுப் படம் வரைந்தார். வலது கை, நல்ல கைக்கடிகாரம். ஆசிரியர், "என்ன சொல்றான்?" என்று கேட்டபோது கமா அக்கா வாயைத் திறந்து, மூடி, "எனக்கு ஒண்ணும் தோணல சார், உடம்பு சரியில்லையோ என்னமோ" என்றார். அரைப்பக்கம்தான் பதில் சொன்னார். அடுத்த வாரமும் அவரே. நாற்காலி இப்போது எந்த நேரமும் அவர் குரலில் பேசியது. ஆம்ப்ளிஃபயர் கம்பெனி பின்னட்டை முழுவதையும் வாங்கிக்கொண்டது.

வீட்டுக்கு இதழ் வரவில்லை. அனுப்புகிற பிரிவு படிவத்தில் இருக்கிற முகவரிக்குத்தான் அனுப்பும். அடுக்குமாடியிலிருந்து 'இப்படி ஒருவர் இல்லை' என்று திரும்பி வரும், அதை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு போய் அம்மா கையில் கொடுத்துவிடலாம் என்று அவள் மனக்கோட்டை கட்டியிருந்தாள். திரும்பி வரவில்லை. முதல் மாதமும் வரவில்லை, இரண்டாவது மாதமும் வரவில்லை.

"தாமதமாகுதும்மா. அச்சுல ஏதோ பிரச்சனை," என்றாள் முதல் மாதம்.

இரண்டாவது மாதம் அம்மாவே தபால் நிலையத்துக்குப் போய்விட்டாள். அவள் வேலையிலிருந்து வந்தபோது அம்மா வாசற்படியில் இல்லை. அண்ணனின் அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"வேற அட்ரசுக்குப் போகுதாம். அனுப்பறவங்களே மாத்திட்டாங்களாம்." அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. "அவனை எங்கடி அனுப்பின?"

"அம்மா..."

"எனக்குப் படிக்கத்தான் தெரியாது. புத்தி இல்லைன்னு யாரு சொன்னா? அவன் எழுதிப் போட்டா புத்தகம் வந்துச்சு? நீ எழுதின, வந்துச்சு. நீ என்னமோ மாத்தி எழுதின, நின்னுபோச்சு. புத்தகம் வர்ற வரைக்கும் வீட்ல ஒரு ஆள் நடமாட்டம் இருந்துச்சு. ராவு பகல்னு இல்ல, எந்நேரமும். இப்ப சுத்தமா இல்ல. எதுக்குடி அனுப்பின?"

"அங்க நல்லா இருப்பான்னு நினைச்சேன்மா," என்றாள். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது.

"நாம இல்லாம அவனுக்கு என்ன நல்லது? போ. எங்க இருக்கானோ அங்க போய்க் கூட்டிட்டு வா."

சனிக்கிழமை காலையில் போனாள். பூங்காவுக்கு எதிரே ஆறு மாடிக் கட்டடம். நாலாவது மாடியில் அவள் வாய்க்கு வந்தபடி போட்ட கதவு எண்ணை ஒரு பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தார்கள். மணியை அழுத்தினாள். திறந்தவனுக்கு இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும். நல்ல சட்டை. பின்னால் பெரிய கூடம், ஒரு நாய்கூட இல்லாத வீடு. சுவரில் விலை உயர்ந்த கிட்டார் ஒன்று ஆணியில் தொங்கியது; கம்பியில் கைபட்ட தடயமே இல்லை. கட்டம் கட்டமாக அவள் எழுதிய ஆள். அரைப்பக்கம் தேடிய வாசகன். உயிரோடு நின்றான்.

"யாரைப் பாக்கணும்?"

"உங்களுக்கு ஒரு இசைப் புத்தகம் வருதா? வேற பேர்ல?"

அவன் முகம் மாறியது. "நீங்க கம்பெனி ஆளா?"

"ஆமா."

"உள்ள வாங்க." கதவை அகலத் திறந்தான். "முதல் தடவை தபால்காரர் கீழ வந்து அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. எனக்குச் சம்பந்தமே இல்லாத பேரு. ஆனா 'நான்தான்'னு சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேன். ஏன் சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. பிரிச்சுக்கூடப் பாக்கல. நேரமே இல்ல."

இரண்டு இதழ்களும் மேசையில் உறையோடு இருந்தன.

"வந்ததுலேர்ந்து வீட்ல யாரோ இருக்கற மாதிரி இருக்குங்க," என்றான். அவமானத்தோடு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பயமுறுத்தறதுன்னு இல்ல. ஒண்ணும் பண்றதில்ல. யாரோ ஒரு ஓரமா நின்னுக்கிட்டு, நான் எங்கயாவது வைக்கச் சொல்வேன்னு காத்துக்கிட்டு இருக்கற மாதிரி. என் இடது கை அடிக்கடி மரத்துப் போகுது. டாக்டர் ஒண்ணுமில்லங்கறார். தயவுசெஞ்சு இதை எடுத்துட்டுப் போயிடுங்க. அந்தப் பேர்ல இருக்கறது யாரு? உங்களுக்குத் தெரியுமா?"

மூன்று வருடமாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. கல்லூரித் தோழிகளிடம் இல்லை, ஆசிரியரிடம் இல்லை.

"என் அண்ணன்," என்றாள். "செத்துட்டான். நான்தான் தப்பா எழுதி இங்க அனுப்பிட்டேன்."

அவன் இதழ்களை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தான்.

"இனிமே இங்க வராது," என்றாள். திங்கட்கிழமை படிவத்தை மாற்ற வேண்டும். மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் ஆறு நாற்காலியையும் பார்த்து உள்ளதைச் சொல்லிவிடுவாள். வேலை போகும். போகட்டும். வெயில் ஒன்றும் அவளுக்குப் புதிதில்லை.

கதவு வரைக்கும் போனவள் நின்றாள். அந்தப் பெரிய கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். வெளிச்சம் நிறைய இருந்தது. சோபா, கண்ணாடி மேசை, பூங்காவைப் பார்த்த ஜன்னல். எதன் மேலும் உட்கார உரிமை இல்லாதவனைப் போல அண்ணன் எந்த மூலையில் இரண்டு மாதமாக நிற்கிறானோ.

"அண்ணா," என்றாள். மறுபடி உரக்கக் கூப்பிட்டாள். "வா, போலாம். அம்மா தேடறா. எந்தப் பக்கம்னு சொல்லு, போற வழியிலேயே படிச்சுக் காட்டறேன்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படிகளில் இறங்கத் தொடங்கினாள். அந்த இளைஞன் கதவை உடனே சாத்தவில்லை. கைகளில் பெரிய சுமையோடு இன்னொருவர் கடந்து போக எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் கதவை விரியத் திறந்து பிடித்தபடி, சுவரோடு ஒட்டி வழிவிட்டு நின்றான். பிறகு மெதுவாகச் சாத்தினான்.